விழுந்தாலும் காக்கும் கருவி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

லுணுகலையில் இந்த மேடையிலே அறிஞர் பலர் சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். அத்தகைய இடத்தில் என்னையும் ஒரு பொருட்டாக மதித்து நிற்கவைத்த சங்கத்தாருக்கு முதற்கண் என் நன்றி. "நீ படிக்கிற படிப்பிலிருந்து ஏதாவது சொல்லு தம்பி, ஆனால் எங்களுக்கு விளங்கும்படி சொல்லு" என்று நம் செயலாளர் அண்ணன் கட்டளையிட்டார். கட்டளையின் முதற் பாதி எளிது. பின் பாதிதான் கடினம். நான் சொல்வது விளங்காமற் போனால், குற்றம் பொருளுடையது அன்று, சொல்பவனுடையது என்று கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் 'ரிலே' என்னும் ஒரு சிறு கருவி. பெயர் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். அதன் குரல் யாருக்கும் புதியதன்று. வேன் வண்டி மூலையில் திரும்பும்போது விளக்கு மின்ன மின்ன உள்ளே 'டிக், டிக்' என்று கேட்கிறதே, அநேக வண்டிகளில் அது ரிலேயின் சத்தம். மாலை நேரத்தில் மின்சாரம் தாழும்போது குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்திலிருக்கும் ஸ்டெபிலைசர் 'டக்' என்று ஒரு முறை அடிக்கிறதே, அதுவும் ரிலேதான். பதுளைக்குப் போகும் காலை பஸ்ஸில் சாரதி சாவியைத் திருப்பியதும், யந்திரம் உறுமுவதற்கு ஒரு கணம் முன்பாக 'டொக்' என்று கேட்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய அண்ணன்.

இதோ என் கையில் இருப்பது பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய ரிலே. தீப்பெட்டியில் ஏறக்குறையப் பாதியளவு. இந்தப் பற்றரியின் இரண்டு கம்பிகளையும் இதன் கால்களில் தொடுகிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டதா? கம்பியை எடுக்கிறேன், மறுபடியும் ஒரு 'டிக்'. முதற் சத்தம் அது பிடித்த சத்தம். இரண்டாவது, அது விட்ட சத்தம். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்று சொல்லப்போவது முழுவதும் இவ்விரண்டு சத்தங்களுக்குள் அடங்கும். அவற்றுள்ளும் இரண்டாவது சத்தத்தைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

இப்பெட்டியின் ஒரு பக்கத்துக்கு நான் கொடுத்த மின்னோட்டம் ஓர் அம்பியரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதன் மறுபக்கம் திறந்துவிடக்கூடிய ஓட்டமோ 30 அம்பியர். ஏறக்குறைய இருநூறு மடங்கு! சிறியது பெரியதை ஏவுகிறது. இது எப்படி?

பெயரும் பிறப்பும்

'ரிலே' என்ற சொல் பழைய காலத்தில் வழியிடையே குதிரை மாற்றுவதைக் குறித்தது. தூதன் களைத்த குதிரையை விட்டு, அங்கே காத்திருக்கும் புதிய குதிரைமேல் ஏறிப் போவான். நம் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் இதற்கு அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது: அஞ்சலோட்டம். முதல் ஓட்டக்காரன் இரண்டாமவன் கையில் கொடுப்பது என்ன? கோலை மட்டும். தன் கால்களின் பலத்தை அவன் கொடுப்பதில்லை, கொடுக்கவும் முடியாது. கோல் கைக்கு வந்ததும் இரண்டாமவன் தன் சொந்தப் பலத்தில் ஓடுகிறான். ரிலேயும் இப்படியே. மெலிந்த ஓட்டம் கட்டளையை மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறது. வேலையைச் செய்யும் பலம் வேறோரிடத்திலிருந்து வருகிறது. ஆகவே சிறியது பெரியதாகிவிடும் மாயம் எதுவும் இங்கே இல்லை.

இதன் வரலாறு 1820இல் தொடங்குகிறது. டென்மார்க் தேசத்து விஞ்ஞானி ஏர்ஸ்ரெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். 1825இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்ரேஜன் என்பவர், குதிரை லாடம்போல் வளைத்த இரும்பின்மேல் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்து காட்டினார். ஓட்டம் இருக்கும்வரை அது காந்தம். ஓட்டம் நின்றால் வெறும் இரும்பு. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்ற ஆசிரியர், உறையிட்ட கம்பியை நெருக்கமாகப் பல சுற்றுகள் சுற்றி, அதன் பலத்தைப் பன்மடங்காக்கினார். அவர் செய்த காந்தம் ஒன்று 1831இல் 2000 இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கியது.

அதே ஹென்றிதான் 1835 அளவில் பிரின்ஸ்டன் கல்லூரியில் ரிலேயின் தத்துவத்தையும் மாணவர்களுக்குச் செய்து காட்டினார். தூரத்திலிருந்து நீண்ட கம்பியில் வந்த மெல்லிய ஓட்டம் ஒரு சிறு மின்காந்தத்தை அசைத்தது. அந்த அசைவு பக்கத்திலிருந்த பெரிய மின்காந்தத்தின் சுற்றைத் திறந்துவிட்டது. பெரிய காந்தம் தாங்கியிருந்த பாரம் தொப்பென்று கீழே விழுந்தது. மாணவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள்!

அக்காலத்துத் தந்திக்கு இது உயிர்நாடியாயிற்று. கம்பி நீள நீள அதன் தடை கூடும், ஓட்டம் மெலியும். மெலிந்த ஓட்டத்தால் அச்சடிக்கும் யந்திரத்தை அசைக்க முடியாது. ஒரு சிறு இரும்பு நாக்கை அசைக்க முடியும். அந்த நாக்கு அவ்விடத்துப் புதிய பற்றரி ஒன்றைத் திறந்துவிட்டால், செய்தி புதுப் பலத்தோடு அடுத்த ஊருக்கு ஓடும். 1844இல் மோர்ஸ் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி அனுப்பினார். நம் நாட்டில் 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே முதல் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது.

உள்ளே என்ன இருக்கிறது?

மூடியைக் கழற்றினால் உள்ளே முக்கியமாக நான்கு உறுப்புகளே உள்ளன. முதலாவது, மெல்லிரும்புத் தண்டின்மேல் மயிரிழை போன்ற செப்புக் கம்பியை மிகப் பல சுற்றுகளாகச் சுற்றிய சுருள். இரண்டாவது, அந்தத் தண்டின் தலைக்கு எதிரே சிறிது இடைவெளி விட்டு, கதவுபோல் அசையும்படி பொருத்திய இரும்புத் தகடு. இதை நாம் நாக்கு என்று அழைப்போம். மூன்றாவது, நாக்கைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங். நான்காவது, நாக்கு அசையும்போது ஒன்றையொன்று தொடவும் பிரியவும் செய்கிற வெள்ளிக் கலவை முனைகள்.

சுருளில் ஓட்டம் பாய்ந்தால் தண்டு காந்தமாகிறது, ஸ்பிரிங்கை மீறி நாக்கை இழுக்கிறது, முனைகள் தொடுகின்றன, வேலை நடக்கிறது. ஓட்டம் நின்றால் காந்தம் மறைகிறது, ஸ்பிரிங் நாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது, முனைகள் பிரிகின்றன, வேலை நிற்கிறது. இவ்வளவுதான்.

ஆனால் இந்த இவ்வளவுக்குள் நுட்பங்கள் சில உண்டு. தண்டு ஏன் மெல்லிரும்பாக இருக்கவேண்டும்? உருக்கை வைத்தால் ஓட்டம் நின்ற பின்னும் காந்தம் தங்கிவிடும். நாக்கு விடாமல் ஒட்டிக்கொள்ளும். முனைகள் ஏன் வெள்ளிக் கலவை? பிரியும்போது அவற்றிடையே பொறி பறக்கும். சாதாரண உலோகமானால் விரைவில் கருகித் தேயும், அல்லது உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். ஆக, ரிலே செய்பவரின் கவலையிற் பெரும்பகுதி, பிடிப்பதைப் பற்றியதன்று; பிடித்தது தவறாமல் விடவேண்டுமே என்பதைப் பற்றியது.

இன்னுமொரு குணம் கேளுங்கள். நாக்கு தூரத்தில் இருக்கும்போது இழுப்பது கடினம். ஒட்டிய பின் பிடித்திருப்பது எளிது. 12 வோல்ட் ரிலே ஒன்று நாக்கை இழுக்க எட்டு, ஒன்பது வோல்ட் கேட்கலாம். இழுத்த பின்னர் அதிற் பாதிக்குத் தாழ்ந்தாலும் பெரும்பாலும் விடாது. நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்துக்கோ மற்றொரு சிக்கல். அது செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. ஆகையால் செக்கனுக்கு 100 தடவை அதன் பலம் பூச்சியமாகிறது. நூறு தடவையும் நாக்கு விழ எத்தனிக்கும். அதைத் தடுக்கத் தண்டின் தலையில் ஒரு சிறு செப்பு வளையம் பதிப்பார்கள். முதற் காந்தம் தளரும் கணத்தில் வளையத்தில் எழும் ஓட்டம் தன் காந்தத்தால் நாக்கைத் தாங்கிக்கொள்ளும். அந்த வளையம் உடைந்தாலும், மின்சாரம் மிகத் தாழ்ந்தாலும், ரிலே 'கட கட' என்று நடுங்கத் தொடங்கும். இந்த நடுக்கத்தைப் பற்றிப் பின்னர் ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது.

புகையிரதப் பாதை கற்பித்த நீதி

விழுவதையே காவலாக மாற்றிய பெருமை புகையிரதக்காரரைச் சேரும். 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் ஒரு யுக்தி கண்டார். பாதையின் ஒரு துண்டை மற்றத் துண்டுகளிலிருந்து மின்சாரம் புகாதபடி பிரித்து, ஒரு முனையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் பற்றரியை இணைத்தார். மறுமுனையில் ரிலேயை வைத்தார். பாதை வெறுமையாக இருந்தால் ஓட்டம் தண்டவாளங்கள் வழியாக வந்து ரிலேயின் நாக்கை மேலே தூக்கிப் பிடித்திருக்கும். வழி திறந்திருப்பதாகச் சைகை காட்டும். வண்டி வந்து ஏறியதும், சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ஓட்டம் அந்தக் குறுக்கு வழியே போய்விடும், ரிலேக்கு உணவில்லை, நாக்கு விழும், அபாயச் சைகை தோன்றும்.

இப்போது யோசியுங்கள். பற்றரி தீர்ந்துபோனால்? நாக்கு விழும்; சிவப்பு. கம்பி அறுந்தால்? சிவப்பு. தண்டவாளம் முறிந்து ஓட்டம் தடைப்பட்டால்? அப்போதும் சிவப்பு. எது கெட்டாலும் வண்டி நிற்குமே தவிர மோதாது. அதிலும் புகையிரத ரிலேக்களின் நாக்கு தன் பாரத்தாலேயே விழும்படி அமைக்கப்படுகிறது. ஸ்பிரிங் உடையலாம், பூமியின் ஈர்ப்பு உடைவதில்லை அல்லவா? கொழும்பைச் சுற்றியுள்ள பாதைகளின் வண்ண விளக்குகளுக்குப் பின்னால் இருப்பது இந்தத் தத்துவமே.

நம் மலைநாட்டுப் பாதைக்கு வருவோம். 1885இல் நானுஓயாவை அடைந்த பாதை, 1924இல்தான் பதுளையை எட்டியது. தெமோதரையில் தன்னையே சுற்றிவந்து தன் அடியிலேயே நுழையும் இந்தப் பாதையில் போகவும் வரவும் ஒரே தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால்? 1874இல் இங்கிலாந்தில் நொரிச் நகருக்கருகே தோர்ப் என்னுமிடத்தில் தந்திச் செய்தி ஒன்றில் நேர்ந்த தவறினால் இப்படியே நடந்தது; 25 பேர் மாண்டனர். அதன் பின்னர், 1878இல் எட்வேட் டையர் என்பவர் ஒரு யந்திரம் அமைத்தார். நம் பாதையில் சாரதியும் நிலையத்தாரும் தோற்பையோடு கூடிய பெரிய வளையத்தை மாற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பைக்குள் இருக்கும் வட்டத் தகடுதான் 'டெப்லட்'. அது கையில் இல்லாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது.

அந்தத் தகட்டை எடுப்பது இந்த நிலைய அதிபரால் மாத்திரம் ஆகாது. அடுத்த நிலைய அதிபர் மணியடித்து ஒத்துக்கொண்டு, தம் யந்திரத்தை அழுத்தி மின்சாரம் அனுப்பவேண்டும். அது இங்குள்ள மின்காந்தத்தை உயிர்ப்பித்துப் பூட்டை விடுவிக்கும். ஒரு தகடு வெளியே வந்தால் இரண்டு யந்திரங்களும் பூட்டிக்கொள்ளும். அது மறுபடி உள்ளே போகும்வரை வேறொன்று வராது. கம்பி அறுந்தால் பூட்டுத் திறவாது. ரிலேயின் உடன்பிறப்பான இந்த யந்திரத்திலும் அதே நீதி: கட்டளை வராவிட்டால் காவற் பக்கம் சாய்ந்திரு.

ஸ்டோரில் நடந்தது

இனி நம்மவர் ஸ்டோர் என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைவோம். ரோலர் முதலிய யந்திரங்களின் பக்கத்துச் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும். சிவப்பை அழுத்தினால் நிற்கும். பச்சையிலிருந்து விரலை எடுத்த பின்னும் மோட்டார் நிற்காமல் ஓடுவது ஏன்? பெட்டிக்குள் பெரிய ரிலே ஒன்று இருக்கிறது. பச்சைப் பொத்தான் அதன் சுருளுக்கு முதல் ஓட்டத்தைக் கொடுக்கிறது. நாக்கு இழுபட்டதும், மோட்டாருக்கான முனைகளோடு கூடவே ஒரு சிறு துணை முனையும் மூடிக்கொள்கிறது. அந்தத் துணை முனை வழியாகச் சுருளுக்குத் தொடர்ந்து ஓட்டம் கிடைக்கிறது. அதாவது, ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொண்டிருக்கிறது. சிவப்புப் பொத்தான் அந்தப் பிடியை அறுக்கிறது. மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறும் ஓட்டத்தை இழுத்தால், இரட்டை உலோகத் தகடுகள் வளைந்து அவையும் அந்தப் பிடியை அறுக்கின்றன.

மின்சாரம் இடையில் நின்றுபோனாலோ பிடி தானாகவே விழுகிறது. இதன் அருமையைக் கவனியுங்கள்: மின்சாரம் திரும்பி வந்தாலும் யந்திரம் தானாக ஓடாது. மனிதன் ஒருவன் வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தவேண்டும்.

என் பெரியப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எந்தத் தோட்டம், எந்த ஸ்டோர் என்பது இங்கே தேவையில்லை; யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. சித்திரை மழைக்குப் பின் கொழுந்து குவிந்த நாட்கள். மாலையானால் மின்சாரம் தாழும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ரிலே 'கட கட' என்று நடுங்கும். ரோலர் நின்று நின்று ஓடும். நின்றால் கொழுந்து கெடும். கெட்டால் ஏச்சு விழும். யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்து, கவ்வாத்து மிலாறுக் குச்சி ஒன்றைச் சீவி, நாக்கு விழாதபடி செருகிவிட்டார். நடுக்கம் நின்றது. சில நாட்கள் எல்லோருக்கும் வசதியாகவே இருந்தது.

ஒரு மாலை மின்சாரம் முற்றாக நின்றது. ரோலர் ஓய்ந்தது. பெரியப்பா ஓரத்தில் அடைத்திருந்த கொழுந்தைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பியது. பச்சைப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. ரோலர் ஓடியது.

வீட்டில் விதி என்றார்கள். பாட்டி சனி என்றார். யந்திரத்துக்குப் பேய் பிடித்துத் தானாகச் சுற்றியது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் பல வருடங்கள் அப்படியே நம்பியிருந்தேன். மிஷன் பாடசாலையில் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் அழைப்பு மணி ஒன்றைப் பிரித்து மின்காந்தத்தைக் காட்டியபோதும் எனக்கு அந்த நினைவு வரவில்லை. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தில் ஸ்டார்ட்டரின் சுற்றைத் தாளில் வரையச் சொன்னார்கள். துணை முனையை வரைந்து, மின்சாரம் நின்றால் என்ன ஆகும், திரும்பினால் என்ன ஆகும் என்று எழுதிக்கொண்டு போகையில் என் பேனா நின்றுவிட்டது. அன்றிரவு விடுதியில் எனக்கு உறக்கமில்லை.

விடுமுறைக்கு வந்ததும் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் குச்சி எனக்குத் தெரியும் தம்பி. தெனம் பார்த்ததுதான். அது எதைப் புடிச்சு வச்சிருக்குன்னுதான் ஒருத்தரும் சொல்லல" என்றார்.

பெரியோர்களே! இந்தச் சபையில் என்னைப் பேசத் துணியவைத்தது அந்த ஒரு வார்த்தைதான். ரிலே விழவேண்டிய நேரத்தில் விழுவதற்காகவே படைக்கப்பட்டது. விழாதபடி நாம் செருகும் குச்சி, நம்முடைய காவற்காரனின் கையைக் கட்டுகிறது. மின்சாரம் தாழ்கிறதென்றால் அதைச் சரிசெய்வதற்கு வழி வேறு, நாக்கைக் கட்டுவதன்று.

நம் வீட்டுக்குள்

ஸ்டோரில் வேலை செய்யாதவர்கள் இது தங்களுக்கில்லை என்று நினைக்கவேண்டாம். நம் வீடுகளிலும் லயத்து அறைகளிலும் மின்சாரப் பெட்டியில் 'ட்ரிப் சுவிட்ச்' என்று ஒன்று இருக்கிறது. இல்லாத வீடுகளில் இருக்கவேண்டும். அதற்குள்ளும் ஒரு நுண்ணிய ரிலே உண்டு. போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது இடைவிடாமல் கணக்குப் பார்க்கிறது. ஈரக்கையால் பழுதான கேத்தலைத் தொட்ட ஒருவரின் உடம்பு வழியாக ஓட்டம் நிலத்துக்குள் ஒழுகினால், போனதில் ஒரு பங்கு திரும்பி வராது. வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டுவதற்குள் அது சுற்றை அறுத்துவிடும். கேத்தல் இழுக்கும் ஓட்டத்தில் இது மிகச் சிறிய ஒரு பங்கு. பியூஸ் கம்பி இவ்வளவு சிறியதை அறியாது. அது காப்பது கம்பிகளை. மனிதனைக் காப்பது ட்ரிப் சுவிட்ச்.

அதன் உள்ளமைப்பு இன்னும் அழகு. பல ட்ரிப் சுவிட்சுகளில் நிலைக்காந்தம் ஒன்று நாக்கைப் பிடித்திருக்கும். ஸ்பிரிங் முறுக்கி வைத்த நிலையில் காத்திருக்கும். ஒழுகிய ஓட்டத்தால் எழும் மிகச் சிறிய மின்சாரம் அந்தக் காந்தத்தின் பிடியைச் சற்றே தளர்த்தினால் போதும். ஸ்பிரிங் பாய்ந்து சுற்றை அறுக்கும். ஒரு பிள்ளையின் உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்பது இந்தச் சிறு நாக்குத்தான்.

மழை நாட்களில் இது அடிக்கடி விழுகிறதென்று எரிச்சல்பட்டு, இதை விலக்கிக் குறுக்கே கம்பி கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கம்பியும் மிலாறுக் குச்சியே. அது விழுகிறதென்றால் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது என்று பொருள். பொருத்திய சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியபின் நிற்கிறதோ அதை ஒதுக்கி வையுங்கள். தீரவில்லையானால் தகுதி பெற்ற மின்சார வேலைக்காரரை அழையுங்கள். பெட்டியைத் தாமே திறக்கவேண்டாம்.

பெரிய மின்மாற்றிகளையும் மின் நிலையங்களையும் காப்பதும் இதே குலத்தார்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் கூறினார். முன்னொரு காலத்தில் இலங்கையை எரித்தது போதாதென்று இப்போது இருட்டவும் வைத்தார்களா என்று நம் ஊரில் சிரித்தார்கள். அன்று நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று யந்திரங்களும் அடுத்தடுத்து விலகிக்கொண்டன. பெரும் பழுது பரவி யந்திரங்கள் எரியாதிருக்கவே காவற் கருவிகள் இவ்வாறு துண்டிக்கின்றன. இருட்டு வந்தால் ஏசுகிறோம்; அந்த இருட்டும் சில வேளை ஒரு காவல்.

வாலிபருக்கு ஒரு வார்த்தை

ரிலே பழங்காலத்துப் பொருள், கணினி வந்தபின் இதற்கென்ன மதிப்பு என்று தம்பிமார் கேட்கலாம். அந்தக் கணினியே ரிலேயின் மடியில் வளர்ந்த குழந்தை. 1937இல் குளோட் ஷானன் என்ற இருபத்தொரு வயது மாணவர் தம் பட்ட ஆய்வுக் கட்டுரையில், ரிலேக்கள் மூடுவதையும் திறப்பதையும் உண்மை, பொய் என்னும் தர்க்கக் கணிதத்தால் எழுதிவிடலாம் என்று காட்டினார். 1941இல் ஜெர்மனியில் கொன்ராட் சூசே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரிலேக்களால் கணக்கிடும் யந்திரம் ஒன்றைக் கட்டினார். 1947இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் அத்தகைய யந்திரமொன்று தடுமாற, தேடிப் பார்த்தபோது ரிலே ஒன்றின் முனைகளுக்கிடையே அந்துப்பூச்சி ஒன்று கிடந்ததாம். அதைப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். இன்றைய கணினிகளில் ரிலேயின் இடத்தைக் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் பிடித்துக்கொண்டன. ஆனால் சில்லு கட்டளையிட்டாலும் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் அநேக இடங்களில் இன்றும் இரும்பு நாக்கே வேண்டியிருக்கிறது.

ஷானனுக்கு அன்று என் வயதுதான். நாம் எல்லோரும் ஷானன் ஆகவேண்டியதில்லை. ஆனால் படித்ததை நம் பெரியப்பாமாருக்கும் சித்திமாருக்கும் விளங்கும் மொழியில் கொண்டுவந்து சொல்வது நம்மால் முடிந்த காரியம். அஞ்சலோட்டத்தில் கோலை வாங்கியவன் அதைத் தானே வைத்துக்கொண்டு நின்றால் ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு சிறு விண்ணப்பம். ட்ரிப் சுவிட்சில் 'டி' என்ற எழுத்துப் பொறித்த பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் சுவிட்ச் உடனே விழவேண்டும். விழாவிட்டால் அது செத்துப்போன காவற்காரன், மாற்றவேண்டும். மாதம் ஒரு முறை இதைச் செய்து பார்ப்பது நல்லது. நம் வாலிபர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போய், வீட்டாரின் அனுமதியோடு அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்து, விழாத வீடுகளையும் சுவிட்சே இல்லாத வீடுகளையும் ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டு வந்தால் என்ன? பெட்டியைத் திறக்கவேண்டாம், கம்பியைத் தொடவேண்டாம், பொத்தானை மாத்திரம் அழுத்தினால் போதும். குறித்த புத்தகத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு உரியவர்களிடம் போய்ப் பேசலாம். முதல் வீடாக என் பெரியப்பாவின் வீட்டுக்கு நானே வருகிறேன்.